அவர் நீட்டிய கை

என் அறையில் யாரும் பேசக்கூடாது. அது நான் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தால் ஒரு மனிதரின் கை வீணாய்ப் போனது. யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன்.

தூத்துக்குடியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுப்பது என் வேலை. நான் டாக்டர் இல்லை, டெக்னீஷியன். வருகிறவர்கள் டாக்டரம்மா என்று கூப்பிடுவார்கள். திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. "ஜெபிஷா மேடம் டியூட்டின்னா தும்மலக்கூட வீட்டுல வச்சுட்டு வரணும்" என்று ரிசப்ஷனில் இருக்கும் பொன்செல்வி நோயாளிகளிடமே கேலி செய்வாள். எனக்குக் கோபம் வராது, உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும். நாசரேத்தில் என் அப்பா முப்பது வருஷம் கணக்கு வாத்தியார். அவர் வகுப்பறைக்குள் நுழைந்தால் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்கும் என்பார்கள். நான் அவர் மகள்.

இந்த மெஷினுக்கும் அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும். அசைந்தால் படம் கெடும். படம் கெட்டால் முதலிலிருந்து எடுக்க வேண்டும், வெளியே காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். அதிலும் போன வருஷம் வந்த புது மெஷினில் நரம்பைப் பார்க்கிற டிஃப்யூஷன் ஸ்கேன் இருக்கிறதே, அதற்கு மயிரிழை அசைவும் ஆகாது.

அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஸ்கேன் நரம்பு இருக்கிற இடத்தைக் காட்டும். உள்ளே இழைகள் முழுசாக இருக்கின்றனவா என்று கேட்டால் திணறும். டிஃப்யூஷன் பார்ப்பது தண்ணீரை. நரம்புக்குள் இருக்கும் தண்ணீர் நீளவாக்கில்தான் நகரும், குறுக்கே போக இடம் குறைவு. இழைகள் அறுந்துவிட்டால் அது நாலாபக்கமும் பரவும். அந்த நகர்வைக் கணக்குப் போட்டு, கம்ப்யூட்டர் நரம்பை வண்ண நூல்களாக வரைந்து காட்டும். நல்ல நரம்பென்றால் நூல் விட்டுப்போகாமல் ஓடும், அறுந்ததென்றால் பாதியில் நின்றுவிடும். கையில் அடிபட்டவருக்கு நரம்பு நசுங்கி மட்டும் இருக்கிறதா, அறுந்தே விட்டதா என்று தெரிய வேண்டும். நசுங்கியது தானாகத் தேறும். அறுந்ததைச் சீக்கிரம் ஆபரேஷன் செய்து சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் விரலை ஆட்டும் தசை வற்றிப்போகும்.

இதைப் பழக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. என் கையை எடுத்தேன், வீட்டுக்காரர் ஜெபினின் கையை ஆறு தடவை எடுத்தேன். ஏழாவது தடவைக்கு அவர் வேதக்கோவில் ஜெபத்துக்கு அவசரமாகப் போக வேண்டும் என்று நழுவிவிட்டார். அவர் அப்படி விரும்பிக் கோவிலுக்குப் போனது அன்றைக்கு ஒரு நாள்தான்.

மார்ச் மாதம் ஆறுமுகநயினார் வந்தார். சொந்த ஊர் ஏரல் பக்கம், வயல்காட்டுக் குடும்பம். ஹார்பரில் லேஷிங் வேலை. கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுவது. ஒரு கம்பி கழன்று விழுந்து, முழங்கைக்குச் சற்றுக் கீழே கன்டெய்னரோடு சேர்த்து அவர் கையை நசுக்கிவிட்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை, தோலும் பெரிதாகக் கிழியவில்லை. ஆனால் இரண்டு மாதமாகச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய் மடங்கிக் கிடந்தன. நரம்பு அறுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி திருநெல்வேலி சர்ஜன் அனுப்பியிருந்தார். 'இடது முன்கை' என்று சீட்டில் எழுதியிருந்தது. அவர் உள்ளே வருமுன்பே அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் இடது என்று அடித்து வைத்தேன். நேரம் மிச்சமாகும் என்று அப்படிச் செய்வது என் வழக்கம்.

அவர் வந்து நின்றார். "கையை நீட்டுங்க அண்ணாச்சி" என்றேன். நீட்டினார். ஆள்காட்டி விரலில் நுனியைக் காணோம். முன்கை முழுக்கத் தழும்பு. நல்ல அடிதான் என்று மனசுக்குள் உச்சுக்கொட்டிவிட்டு, குப்புறப் படுக்கவைத்து, அந்தக் கையைத் தலைக்கு மேலே நீட்டி, படம் பிடிக்கிற காயிலை அதன்மேல் சுற்றிக் கட்டி, இருபுறமும் மணல்மூட்டை வைத்து அணைகொடுத்தேன்.

ஸ்கேன் ஓடி ஐந்து நிமிஷம் இருக்கும். ஸ்பீக்கரில் குரல் வந்தது. "டாக்டரம்மா, ஒரு வார்த்த. இந்தக் கை..."

நான் பட்டனை அமுக்கி அவரை முடிக்க விடாமல் பேசினேன். வலித்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் திரும்ப முதலிலிருந்து கிடக்க வேண்டிவரும் என்றேன். வாத்தியார் மகளுக்குரிய குரலில் சொன்னேன். அதற்குப்பின் அவர் மூச்சுக்கூட அளந்துதான் விட்டார். முடிந்ததும் எழுந்து, அவ்வளவுதானா என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன். இன்னும் ஏதோ இருக்கிறது என்பதுபோல் ஒரு நிமிஷம் நின்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன்.

படம் அப்படி ஒரு அழகு. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை நூல்கள் ஒன்றுகூட அறாமல் ஓடின. எங்கள் முதலாளி டாக்டர் நேசக்குமார் பார்த்துவிட்டு, சென்னையில்கூட இப்படி எடுப்பார்களா என்று கேட்டார். நரம்பு தொடர்ச்சியாக இருக்கிறது, அறுந்த அடையாளம் இல்லை என்று ரிப்போர்ட் போட்டார். அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ரிசப்ஷனில் மாட்டச் சொன்னார். நான் தினமும் காலையில் அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போவேன்.

டிசம்பரில் அவர் மறுபடி வந்தார். வாசலில் பொன்செல்வி நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்த நாள். இந்தத் தடவை மனைவியும் கூட வந்திருந்தார். அருணாசலவடிவு என்று பெயர், ஆள் ஒல்லி, குரல் கணீரென்று. கணவரை உட்காரவைத்துவிட்டு அந்த அம்மா என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

ரிப்போர்ட்டைப் பார்த்த சர்ஜன், நசுங்கல்தான், மூன்று மாதத்தில் தானாகச் சரியாகும், பிறகு வந்து காட்டு என்று அனுப்பியிருக்கிறார். மூன்று மாதம் ஆயிற்று, விரல் நிமிரவில்லை. ஸ்கேனிலேயே ஒன்றுமில்லை என்று வந்த பிறகு இவன் வேலைக்குக் கள்ளம் போடுகிறான் என்று ஹார்பரில் பேச்சு. கன்டெய்னர் கட்டப் போனவரைப் பார்த்து, நாடகத்துக்குப் போகலாமே என்று கூடவே வேலை பார்த்தவர்கள் கிண்டல் செய்திருக்கிறார்கள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு சர்ஜனிடம் திரும்பப் போகவே இல்லை. போனால் அங்கேயும் நடிப்பு என்றுதான் சொல்வார்கள் என்று நினைத்திருக்கிறார். அந்த அம்மா இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்தால் இவர் துண்டுக்குள் கையை மறைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாராம். நாளாக ஆக, கை பார்க்கச் சகிக்காமல் போகவும், அந்த அம்மாதான் சர்ஜனிடம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். சர்ஜன் முகம் மாறி, மறுபடியும் ஸ்கேன் எடுத்துவரச் சொல்லிவிட்டார்.

"நானும் ஏசிப்புட்டேன்" என்றார் அந்த அம்மா. "விரல வேணும்னே மடக்கி வச்சிருக்கேரு, நாலு நாள் நீட்டிப் பழகுனா வராதான்னு. நீங்க படிச்சவிய, ஒரு வார்த்த சொல்லுங்க. இவிய நடிக்காவளா, இல்லயா?"

படம் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சொல்லிவிட்டு அவரை உள்ளே கூப்பிட்டேன். மார்ச்சில் பார்த்த ஆள் இல்லை, பாதியாகியிருந்தார். இடது தோளிலிருந்து ஒரு துண்டு தொங்கியது.

"கையை நீட்டுங்க அண்ணாச்சி" என்றேன்.

நீட்டினார். ஆள்காட்டி விரலில் நுனி இல்லாத கை. காயிலை எடுக்கத் திரும்பியவள் அப்படியே நின்றேன். துண்டு தொங்கியது இடதுபக்கம். நீட்டியிருந்தது வலது கை. நுனி போனதும் தழும்பும் ஏதோ பழைய அடி.

"அடிபட்ட கை எது?" என்று கேட்டேன். அவர் துண்டை விலக்கினார். இடது கை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. கடைசி இரண்டு விரல்களும் கொக்கிபோல் மடங்கியிருந்தன. இதை ஒருத்தன் நடித்துக் காட்ட முடியாது.

"பெறகு ஏன் இதை நீட்டுதீங்க?"

"மொதத் தடவையும் இதத்தானம்மா நீட்டுனேன்" என்றார். "ஒரு டாக்டரம்மாகிட்ட பீச்சாங்கைய எப்படி நீட்ட? கரண்டு வச்சுப் பாத்த டெஸ்டுலயும் நல்ல கைய மொதல்ல பாத்துட்டுத்தான் மத்தத பாத்தாவ. நீங்க ஒண்ணோட நிறுத்திட்டீங்க. இந்த மெஷினுக்கு ஒரு கையிலயே ரெண்டும் தெரிஞ்சிரும் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். அன்றைக்கு ஸ்பீக்கரில் வந்த அந்த அரைகுறை வார்த்தை ஞாபகம் வந்தது. 'இந்தக் கை' என்றாரே, அதற்குமேல் அவர் என்ன சொல்லவந்தார் என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டது.

இடது கையை நானே எடுத்து நீட்டினேன். விரல்களை மெதுவாக நிமிர்த்திப் பட்டையால் கட்டினேன். ஸ்கேன் ஓடும்போது நடுவில் நிறுத்தி, ஏதாவது சொல்ல வேண்டுமா அண்ணாச்சி என்று மைக்கில் கேட்டேன். இத்தனை வருஷத்தில் நான் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. சற்றுப் பொறுத்து, பேசலாமா என்று தயங்கிக் கேட்டார். பேசலாம் என்றேன். ஒன்றுமில்லை என்றார்.

நூல்கள் முழங்கையிலிருந்து கிளம்பி, மூன்று விரற்கடை வந்து, நின்றுவிட்டன. அதற்குக் கீழே எதுவுமில்லை. பழைய படங்களைத் திறந்தேன். முதலில் சும்மா இடம் பார்ப்பதற்கு எடுக்கிற படம் ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் உள்ளங்கையும் விரல்களும் விழுந்திருந்தன. ஆள்காட்டி விரல் குட்டையாக இருந்தது. ஒன்பது மாதமாக அந்தப் படத்தில் அது இருந்திருக்கிறது. அதன்மேல் இடது என்று என் கையால் அடித்திருக்கிறேன்.

டாக்டர் நேசக்குமார் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். மார்ச்சில் முழுசாக இருந்த நரம்பு எப்படி இப்போது அறுந்திருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. நடுவில் வேறெங்காவது அடிபட்டிருக்கும், பாரம் தூக்கியிருப்பான், கேட்டு எழுதிக்கொண்டு வா என்றார். தப்பிக்க ஒரு காரணத்தை அவரே எடுத்துக் கொடுத்த மாதிரி எனக்கு இருந்தது. உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். "கேக்கேன் டாக்டர்" என்றுதான் வாயில் வந்தது.

கேட்கவும் செய்தேன். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பேனாவும் சீட்டும் எடுத்துக்கொண்டு போய், ரிசப்ஷனில் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்திருந்த இடத்தில் நின்று, நடுவில் வேறு ஏதாவது அடி பட்டதா, பாரம் தூக்கினீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்ல வேண்டுமே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே கேட்டேன். அவர் தலைக்கு மேலேதான் அவருடைய நல்ல கையின் படம் சட்டத்துக்குள் பளபளவென்று தொங்கியது.

அவர் எனக்கு உதவி செய்யவேண்டும் என்று கண்ணை இடுக்கி யோசித்தார். வயலில் ஒரு தரம் மோட்டாரைத் தூக்கி வைத்ததாகச் சொன்னார். எந்த மாதம் என்றேன். ஜூன் என்றார். எழுதினேன். 'ஜூன், பாரம் தூக்கியது.' அந்த அம்மா அவர் பக்கம் திரும்பி, அன்றைக்கே வேண்டாம் என்று சொன்னேனே, கேட்டால்தானே என்றார். அவர் தலை தொங்கிவிட்டது.

"அப்போ நானே கெடுத்துக்கிட்டேன் போல" என்றார்.

கையைத் துண்டுக்குள் இழுத்து மூடிக்கொண்டார். ஒன்பது மாதமாக நடிப்பு என்று கேட்டவர், இனிமேல் சாகும்வரை தன் கையைத் தானே கெடுத்தவர் என்று கேட்கப்போகிறார். அதற்குச் சாட்சி என் கையெழுத்து. எழுதிய சீட்டைக் கசக்கினேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அண்ணாச்சி, தப்பு உங்களோடது இல்ல, என்னோடது. மார்ச்ல நான் உங்க வலது கையத்தான் எடுத்தேன். இடதுன்னு பேர் போட்டேன். அடிபட்ட கைய நாங்க யாரும் பாக்கவே இல்ல. உங்க நரம்பு அன்னைக்கே அறுந்துதான் இருந்திருக்கும்."

பொன்செல்வி போனை எடுக்காமல் அடிக்க விட்டாள். இரண்டுபேரும் என்னையே பார்த்தார்கள். அந்த அம்மா என்னை ஏசப்போகிறார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன். ஆறுமுகநயினார் என் பக்கம் திரும்பவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"ஏளா வடிவு, கேட்டியா? நான் நடிக்கலளா."

மெதுவாகத்தான் சொன்னார். அந்த அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். அவர் மனைவியின் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எம்மேலயும் தப்பு இருக்கும்மா. இந்தக் கை இல்லன்னு நான் வாயத் தொறந்து சொல்லியிருக்கணும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரே ஒரு நொடிதான், ஆனால் இருந்தது. பாதிப் பழி இறங்கிவிட்டதே என்று நெஞ்சு லேசானது. ஒரு மனிதரின் கையைக் கெடுத்துவிட்டு, அவர் மன்னிப்புக் கேட்கும்போது லேசாகிற நெஞ்சு எனக்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தப்பு யாருக்கும் வரும் என்று ஜெபின் இன்றுவரை ஆறுதல் சொல்கிறார். அந்த நொடியைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை.

"சொன்னீங்க அண்ணாச்சி" என்றேன். "நான்தான் கேக்கல."

அவர் துண்டைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, அப்போதே பார்த்திருந்தால் சரியாகியிருக்குமா என்று கேட்டார். அதெல்லாம் சர்ஜன் சொல்வார் என்று தப்பிக்க எனக்கு வழி இருந்தது. முழுசாகத் தேறியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் அன்றைக்கு வழி இருந்தது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

டாக்டர் நேசக்குமாரிடம் பிறகுதான் போய்ச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார். முதலில் என்னிடம் அல்லவா வந்திருக்க வேண்டும், ஏன் அவர்களிடம் போய்ச் சொன்னாய் என்றார். உங்களிடம் வந்திருந்தால் இரண்டுபேருமாகச் சேர்ந்து ஏதாவது காரணம் கண்டுபிடித்திருப்போம் என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார், மறுக்கவில்லை. பழைய ரிப்போர்ட் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சர்ஜனுக்கு அவரே போன் செய்தார். நரம்பைச் சேர்த்தாலும் வற்றிய தசை இனித் திரும்புவது சந்தேகம், வேறு தசைநாரை மாற்றிப் போட்டு விரல்களுக்குக் கொஞ்சம் பிடிப்புக் கொடுத்துப் பார்க்கலாம், திங்கள்கிழமை வரச்சொல்லுங்கள் என்று பதில் வந்தது. கொஞ்சம் பிடிப்பு. கன்டெய்னர் கம்பியை இறுக்க அது காணாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கவரை வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வலது கையால் வாங்கி மனைவியிடம் கொடுத்துவிட்டு, போய்வருகிறேன் என்பதுபோல் என்னைக் கும்பிடக் கைகளைச் சேர்த்தார். சேரவில்லை. வலது கை நிமிர்ந்து நின்றது, இடது கையில் கடைசி இரண்டு விரல்களும் மடங்கி நடுவில் இடித்தன. அவர் கூச்சத்தோடு கையை இறக்கப் போனார். அந்த அம்மா கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அந்த இரண்டு விரல்களையும் தன் விரல்களால் நிமிர்த்தி, வலது கையோடு சேர்த்துப் பிடித்தார்.

நான் பதிலுக்குக் கும்பிடக் கைகளைத் தூக்கினேன். இரண்டும் சுலபமாகச் சேர்ந்தன. வெட்கமாக இருந்தது, கீழே போட்டுவிட்டேன்.